அத்தியாயம் 9: நீட்டிய கை

சாவி மேசைமேல்தான் இருந்தது. ரிஃபாத்தின் இடது முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி, வெயில் பட்டு மின்னிக்கொண்டு.

ரிஃபாத் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

"என் சாவிய யார் எடுத்தது? இந்த வீட்டுல வச்ச பொருள் வச்ச இடத்துல இருக்கவே இருக்காதா?"

சமையலறையிலிருந்து அவர் மனைவி தஹானி குரல் கொடுத்தாள்: "நோன்பு வச்சா கோபப்படக் கூடாதுன்னு பள்ளிவாசல்ல மைக் போட்டுச் சொல்றாங்க. ஊருக்கே கேக்குது. உங்க காதுல மட்டும் விழ மாட்டேங்குது."

மகள் இல்ஹாம் ஒரே விரலால் சாவியை மேசையின் நடுவுக்குத் தள்ளினாள். ரிஃபாத் அதை லபக்கென்று பிடித்துக்கொண்டார்.

"இங்கதானே இருந்துச்சு! முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"இன்னிக்கு சாவி வேண்டாம்ப்பா. டாக்டர் கண்ணுல மருந்து விட்டுப் பார்ப்பாங்க. அதுக்கப்புறம் ரெண்டு மூணு மணி நேரம் ரோடே மங்கலாத் தெரியும். ட்ராம்ல போயிடலாம்."

"ஊரே உஸ்தான்னு கூப்பிடற டிரைவர் ரிஃபாத் ட்ராம்ல! அன்ஃபூஷி வேன் ஸ்டாண்டுல எவனாவது பார்த்தா இந்த மாசம் முழுக்க அதை வச்சே நோன்பு திறப்பானுங்க."

ஆனாலும் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஓட்டுவதற்கு இல்லை. அது இல்லாமல் வாசற்படி தாண்டிப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அவர் ஓட்டும் மைக்ரோபஸ் வேன் அவரை ஏமாற்றியது போன வாரம்தான். ஏமாற்றியது வண்டி இல்லை என்பது இல்ஹாமுக்குத் தெரியும். இருபது வருடமாக ஒரே மூலையில் நிற்கும் அவித்த மொச்சைக்காரரின் தள்ளுவண்டியை உரசிவிட்டு, "அவன்தான் குறுக்கே வந்தான்" என்று சாதித்தார் அப்பா. நின்றுகொண்டிருந்த வண்டி எப்படிக் குறுக்கே வரும்?

கண்ணில் அழுத்தம் இருக்கிறது என்று ஒரு வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். ஊரில் அதற்கு 'நீலத் தண்ணீர்' என்று பேர். பெரிய டாக்டர்களின் வாயில் க்ளாக்கோமா. முதல் டாக்டர் சொட்டு மருந்து எழுதினார். அழுத்தம் இறங்கவில்லை. மொச்சை வண்டிச் சண்டைக்குப் பிறகு பார்த்த இரண்டாவது டாக்டர், அப்பாவின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல், "ஆபரேஷன். அடுத்த வாரம்" என்றார். அப்பா எழுந்து வந்துவிட்டார்.

இன்று மூன்றாவது டாக்டர். இவரே கடைசி என்று அப்பா சொல்லிவிட்டார்.

"இவங்களும் கத்தின்னு சொன்னா, அதோட முடிஞ்சுது. டாக்டரும் வேண்டாம், சொட்டும் வேண்டாம். மிச்சத்தை அல்லாஹ் பார்த்துப்பான்."

அந்த மிச்சம் எவ்வளவு என்பதுதான் இல்ஹாமைத் தூங்கவிடாத கேள்வி.

இந்த டாக்டரைத் தேட அவள் ஒரு வழி வைத்திருந்தாள். கண்ணாடிக் கடை, மருந்துக் கடை, கண் மருத்துவமனை வரவேற்பு மேசை என்று ஏறி இறங்கி ஒரே கேள்வியைக் கேட்டாள். "உங்க அம்மாவுக்கு இந்த வியாதின்னா யார்கிட்ட கூட்டிட்டுப் போவீங்க?" நல்ல டாக்டர் யார் என்று கேட்டபோது ஆளுக்கொரு பேர் சொன்னவர்கள், அம்மா என்றதும் யோசித்தார்கள். யோசித்த பிறகு பலர் வாயில் ஒரே பேர்தான் வந்தது. டாக்டர் நெர்மீன். கண் டாக்டர்தான், ஆனால் இந்த ஒரு வியாதியை மட்டும் பார்க்கிறவர்.

*

ட்ராமில் ரிஃபாத் வாயை மூடவில்லை.

"பாரு, பிரேக் போடறதைப் பாரு. உள்ள இருக்கறது மனுஷங்களா, உருளைக்கிழங்கு மூட்டையா?"

"மெதுவாப்பா. அவருக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். கேக்கணும்னுதான் சொல்றேன்."

கடல் கொந்தளித்து, சாரல் ஜன்னல்வரை வந்தது. ரிஃபாத்தின் இடது பக்கத்தில் ஒரு பெண் குழந்தையோடு வந்து நின்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. அவள் முணுமுணுத்தாள். இல்ஹாம் சட்டென்று எழுந்து தன் இடத்தைக் கொடுத்தாள். பெண்கள் நிற்க அப்பா உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

அவர் இன்னும் பிரேக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

*

டாக்டர் நெர்மீனுக்கு ஐம்பது வயது இருக்கும். குள்ளம், உரத்த குரல். காலில் துணிச் செருப்பு.

"வாங்க ஹாஜ், உக்காருங்க."

"நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகலை டாக்டர்."

"அலெக்ஸாந்திரியாவுல தலை நரைச்சவங்க எல்லாம் ஹாஜ்தான். நரைச்சுப் போச்சுல்ல? அப்புறம் என்ன?"

ரிஃபாத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

டாக்டர் அவசரப்படவில்லை. அழுத்தம் பார்த்தார். விளக்கடித்துக் கண்ணின் பின்னால் நரம்பைப் பார்த்தார். இருட்டறையில் ஒரு கிண்ணத்துக்குள் தலையை நீட்ட வைத்து, புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே வந்த ரிஃபாத் மகளிடம் கிசுகிசுத்தார்: "மெஷின் ரிப்பேரு. ரொம்ப நேரம் ஒரு புள்ளியும் வரலை."

இல்ஹாம் இருட்டறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுபடி டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். டாக்டர் ஏதோ சீட்டில் எழுதி, மேசைக்குக் குறுக்கே, ரிஃபாத்தின் இடது பக்கமாகத் தாழ்வாக நீட்டினார்.

"இந்தாங்க ஹாஜ்."

ரிஃபாத் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சீட்டு காற்றில் நின்றது. டாக்டர் கையை இழுக்கவில்லை. நின்ற நேரம் நீண்டுகொண்டே போனது.

இல்ஹாமுக்கு முகம் சூடேறியது. ஒரு பெரிய மனுஷி கை நீட்டுகிறாள், இவர் கல்லாட்டம்...

"அப்பா! டாக்டர் குடுக்கறாங்கல்ல, வாங்கக் கூடாதா? என்ன மரியாதை இது?"

"எதைக் குடுக்கறாங்க?" என்றார் ரிஃபாத்.

"அவரைத் திட்டாதம்மா," என்றார் டாக்டர். "அவர் வாங்க மாட்டேன்னு சொல்லலை. அவருக்கு என் கை தெரியலை."

சீட்டை மெதுவாக நடுவுக்குக் கொண்டுவந்தார். ஓர் இடத்தில் ரிஃபாத்தின் தலை திடுக்கென்று பின்னால் போனது. எங்கிருந்தோ முளைத்த மாதிரி ஒரு கையும் ஒரு சீட்டும்.

சீட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வெறும் கிறுக்கல்.

"இருட்டா இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே டாக்டர்! எனக்கு எங்கேயும் கறுப்பா ஒண்ணும் இல்லையே!"

"அதான் இந்த வியாதியோட திருட்டுத்தனம். கறுப்பா வந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பீங்க. கண்ணு பார்க்காத இடத்தை மூளை தானா ஒப்பேத்திடும். மேசை இருந்தா இன்னும் கொஞ்சம் மேசை, ரோடு இருந்தா இன்னும் கொஞ்சம் ரோடு. அதுல ஒரு தள்ளுவண்டி நின்னா, அதை அழிச்சுட்டு ரோடாவே காட்டும்."

மொச்சை வண்டியைப் பற்றி யாரும் டாக்டரிடம் சொல்லவில்லை. ரிஃபாத் மகளைப் பார்த்தார். இல்ஹாம் இல்லை என்று தலையசைத்தாள்.

"ஒரு கண்ண மூடிக்கிட்டு வீட்டுலயே பார்க்கலாம்," என்று எழுந்து வந்தார் டாக்டர். "உங்க உள்ளங்கையால வலது கண்ண மட்டும் பொத்துங்க. என் மூக்கையே பாருங்க. இப்ப என் விரல் எப்ப தெரியுதுன்னு சொல்லுங்க."

விரல் ஓரத்திலிருந்து வந்தது. வந்தது. வந்துகொண்டே இருந்தது. டாக்டரின் காதோரம் வந்த பிறகுதான், "இப்ப" என்றார் ரிஃபாத். அவர் குரல் சின்னதாகிவிட்டது.

"கத்தியா டாக்டர்?"

"இருங்க, அவசரப்படாதீங்க. ஒரு வருஷமா சொட்டு போடறீங்க. அழுத்தம் இறங்கலை. மருந்து வேலை செய்யலைன்னா அடுத்தது ஆபரேஷன்தான். ஆனா மருந்து உள்ளே போனாத்தானே வேலை செய்யும்? காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. காலைச் சொட்டு எத்தனை மணிக்கு?"

ரிஃபாத் தொண்டையைச் செருமினார்.

"நோன்பு மாசம்ல..."

"போன மாசம் நோன்பு இல்லையே?"

ரிஃபாத் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"சொல்லுங்க ஹாஜ். நான் போலீஸ் இல்ல."

"திங்கள், வியாழன் நான் நோன்பு வைப்பேன்," என்றார் ரிஃபாத் மெல்ல. "நேர்ச்சை. நடுவுலயும் சில நாள் சேர்த்துக்குவேன். சொட்டு விட்டா தொண்டைல கசக்குது டாக்டர். தொண்டைக்கு வந்துட்டா நோன்பு முறிஞ்ச மாதிரிதானே? அதான் பகல்ல விடறதில்ல."

"என்ன நேர்ச்சைப்பா?" என்றாள் இல்ஹாம். இது அவளுக்கே புதுச் செய்தி.

அவர் தரையைப் பார்த்தார். "கண்ணு நல்லாகணும்னு."

கண்ணுக்காக நோன்பு. நோன்புக்காக மருந்து இல்லை. ஒரு வருடமாக அந்த மனிதர் தன் கண்ணின் வெளிச்சத்தைத் தானே வேண்டி வேண்டி அணைத்துக்கொண்டிருக்கிறார்.

"இமாமைக் கேட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"கேக்கலை. விடலாம்னு சொல்லிட்டா, சௌகரியத்துக்காக நான் கேட்ட மாதிரி ஆயிடும்."

"நல்ல கதை! இன்னிக்கே கேளுங்க. நான் சொல்றத நம்ப வேண்டாம். என்கிட்ட மருந்து எடுக்கறவங்கள்ல ரெண்டு பேர் இமாம். ரெண்டு பேரும் நோன்போடதான் சொட்டு விடறாங்க. ஆனா கசப்புக்கு நான் பொறுப்பு. இங்க பாருங்க."

தன் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையில் ஆள்காட்டி விரலை அழுத்திக் காட்டினார்.

"சொட்டு விட்டதும் கண்ண மூடி, இந்த இடத்தை ரெண்டு நிமிஷம் அழுத்திக்கங்க. கண்ணுலேர்ந்து மூக்குக்குப் போற வாய்க்கால் இங்கதான் இருக்கு. அடைச்சுட்டா மருந்து கண்ணுலயே நிக்கும், தொண்டைக்கு வராது. பெரிய வித்தை இல்ல. இதை உங்களுக்கு யாரும் சொல்லாததுதான் தப்பு."

ரிஃபாத் விரலை வைத்துப் பார்த்தார். டாக்டர் அதைப் பிடித்து நூலிழை தள்ளி வைத்தார்.

"ரெண்டு வாரம் ஒழுங்கா விடுங்க. திரும்பப் பார்ப்போம். இறங்கினா கத்தி இல்ல. இறங்கலைன்னா நான்தான் சொல்லுவேன், அப்ப எழுந்து ஓடக் கூடாது. போனது வராது ஹாஜ், அதுல பொய் சொல்ல மாட்டேன். இருக்கறதைப் பிடிச்சு வைக்கலாம். அதுவரைக்கும் வண்டி ஓட்டாதீங்க."

ரிஃபாத்தின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சாவியின்மேல் நின்றது.

"வேற வழி?"

"வண்டி உங்களுதுதானே? ஓட்ட வேற ஆள் போடுங்க. பக்கத்துல உக்காந்து பிரேக் சரியில்லைன்னு திட்டுங்க."

இல்ஹாமுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த அம்மா ட்ராமில் வந்தாரா என்ன?

"கடைசியா ஒண்ணு. இது குடும்பத்துல ஓடற வியாதி. கூடப் பொறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரும் பார்த்துக்கணும். இந்தப் பொண்ண இப்பவே பார்த்துடறேன். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை?"

"யாரும் இல்ல," என்றார் ரிஃபாத்.

"அத்தை இருக்காங்களே," என்றாள் இல்ஹாம்.

"எனக்கு அக்கான்னு யாரும் இல்ல."

*

இல்ஹாமின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. வருடம் ஒருமுறை வா என்றார் டாக்டர். ட்ராமுக்குக் காத்திருக்கும்போது அவள் அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத் தொடங்கி, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

இன்ஷிராஹ் அத்தையைப் பற்றி அந்த வீட்டில் நான்கு வருடமாகப் பேச்சில்லை. அத்தை மகனின் கல்யாணம். மண்டபம் நிறைய ஆள். ஸ்டாண்டு டிரைவர்கள் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு போன ரிஃபாத், அக்கா எதிரே வந்ததும் சலாம் சொல்லிக் கை நீட்டினார். மேளச் சத்தம் காதைப் பிளந்தது. அத்தை நேரே பார்த்தபடி அவரைத் தாண்டிப் போய், பின்னால் நின்ற யாரோ ஒருத்தியைக் கட்டிக்கொண்டாள். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. பத்து டிரைவர்களும் பார்த்தார்கள்.

நீட்டிய கையைத் தட்டிவிட்டவள் அக்காவே இல்லை என்று அன்றைக்கே வெளியே வந்தவர்தான். அங்கே அத்தையும் முறுக்கிக்கொண்டாள். 'என் மகன் கல்யாணத்துக்கு என் தம்பி வரவே இல்லை. வந்தானாம்! நான் பார்க்கவே இல்லை' என்று ஊரெல்லாம் சொன்னாள். வாய் கூசாமல் பொய் சொல்கிறாள் என்றார் ரிஃபாத்.

ட்ராம் வந்தது. ஏறினார்கள். ரிஃபாத் பிரேக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நிறுத்தம் தாண்டி, "அன்னிக்கு மண்டபத்துல," என்றார், ஜன்னலைப் பார்த்தபடி, "நான் எந்தப் பக்கம் நின்னேன்?"

இல்ஹாம் யோசித்தாள். மேடை, விளக்குகள், அத்தையின் பச்சை உடுப்பு.

"அத்தைக்கு இடது பக்கம்."

"கையை எங்க நீட்டினேன்?"

"இடுப்பு உயரம் இருக்கும்ப்பா. அவங்கதான் குள்ளமாச்சே."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரல் மூக்கோரம் போய் நின்றது. சொட்டு விடவில்லை, சும்மாதான் அழுத்திக்கொண்டிருந்தார்.

"'நான் பார்க்கவே இல்ல'ன்னா அவ," என்றார். "நாலு வருஷமா அதையேதான் சொல்லிட்டு இருக்கா."

ஒரு மணி நேரத்துக்கு முன்னால், இதே தப்பை, இதே வேகத்தில், அப்பாவின்மேல் இல்ஹாமே சுமத்தினாள்.

அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. ரிஃபாத் எழுந்திருக்கவில்லை.

"அப்பா, நம்ம ஸ்டாப்."

"தெரியும். நோன்பு திறக்கற நேரத்துல வாசல்ல நிக்கறவனை யாராவது துரத்துவாங்களா?"

"துரத்த மாட்டாங்க."

"அப்ப உக்காரு. உங்கம்மாவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடு. சூப்பை மூடி வைக்கச் சொல்லு."

*

வழியில் ஒரு கிலோ கதாயிஃப் இனிப்பு வாங்கினார்கள். தெருவில் அவரவர் வீட்டுக்கு ஓடும் கூட்டம். மூன்றாம் மாடி. கதவின் அந்தப் பக்கம் தட்டுகள் வைக்கும் சத்தம்.

ரிஃபாத் மணியை அழுத்திவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

கதவைத் திறந்தது இன்ஷிராஹ் அத்தையே. இளைத்திருந்தாள். முகத்தை நேராக வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தூக்கி, தூரத்தில் எதையோ பார்க்கிற மாதிரி நின்றாள். அதே நிற்கிற விதம். அதைத்தான் குடும்பமே கர்வம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ரிஃபாத் கை நீட்டினார். அவளுக்கு இடது பக்கமாக ஒதுங்கி நின்று, இடுப்பு உயரத்தில். வேண்டுமென்றேதான்.

அத்தை அசையவில்லை. "யாரு?" என்றாள்.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் மேசைமேல் சாவி நகர்ந்த மாதிரி, அந்தக் கை மெதுவாக மேலே, நடுவுக்கு நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். அத்தையின் இமை துடித்தது. முதலில் விரல்களைப் பார்த்தாள். விரல்களிலிருந்து மணிக்கட்டு, மணிக்கட்டிலிருந்து தோள் என்று பார்வை ஏறிப் போய் முகத்தில் வந்து நின்றது.

"ரிஃபாத்?"

"நான்தான்க்கா."

அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே திட்டத் தொடங்கினாள்.

"நாலு வருஷம் கழிச்சு வழி தெரிஞ்சுதா? என் மகன் கல்யாணத்துக்கு வராதவன் இப்ப எதுக்கு வந்தே? உள்ள வா, பாங்கு சொல்லப் போறாங்க. இது யாரு, இல்ஹாமா? இவ்வளவு ஒல்லியா! உங்கம்மா உனக்குச் சோறு போடறாளா, இல்ல அவளே சாப்பிட்டுடறாளா?"

பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம் கை மாறியது. அத்தை புளிச் சர்பத்தை ஊற்றினாள். கோப்பையில் ஊற்றவில்லை, கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினாள். மருமகள் பேச்சை நிறுத்தாமல் துணியால் துடைத்துவிட்டு, கோப்பையை ஜாடியின் கீழே நகர்த்தி வைத்தாள். பழகிய கை.

ரிஃபாத் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

"கண்ணுல என்னக்கா?"

"வெள்ளைத் தண்ணிடா, கண்புரை. வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே? கீழ்வீட்டுக்காரிக்கு எடுத்தாங்க, இப்ப ஊசில நூல் கோக்கறா. எனக்கு இன்னும் பழுக்கலை. பழுத்ததும் எடுத்துடலாம்னு இருக்கேன்."

"எந்த டாக்டர் சொன்னாரு?"

"இதுக்கு டாக்டர் எதுக்கு? பழுக்கற வரைக்கும் பொறுமையா இருக்கணும், அவ்வளவுதான். மூணு வருஷமா பொறுமையாத்தான் இருக்கேன்."

இல்ஹாமின் கையிலிருந்த பழம் கையிலேயே இருந்தது. டாக்டர் சொன்னது காதில் ஒலித்தது: போனது வராது ஹாஜ், அதுல பொய் சொல்ல மாட்டேன்.

ரிஃபாத் எழுந்தார். அக்காவின் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தார். டாக்டர் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி, தன் உள்ளங்கையை மெல்ல அவள் வலது கண்மேல் வைத்தார். வலது கண் ஒன்றின்மேல் மட்டும்.

"அக்கா, இப்ப என்னைத் தெரியுதா?"

அத்தை சிரித்தாள். சின்ன வயதில் சிரித்த அதே சிரிப்பு.

"கிறுக்கா! ரெண்டு கண்ணையும் பொத்திட்டுத் தெரியுதான்னு கேட்டா, எப்படிடா தெரியும்?"